ஜூலை வரை பொறுத்துக்கொள்

அன்பு மகளுக்கு,

புது வீட்டுப் படங்களைப் பார்த்தோம். அம்மா சமையலறையையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். என் கண் வாசலில் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கிற லைவ் ஓக் மரத்தைவிட்டு நகரவில்லை. கூரையில் உரசுகிற கிளையைக் கிரகப்பிரவேசத்துக்கு முன்னால், ஏப்ரலிலேயே வெட்டிவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராமே. வேண்டாம்மா. ஜூலை வரை அந்த மரத்தில் ரம்பம் படக்கூடாது.

நம் ஆஸ்டின் வீட்டுக் கொல்லையில் நீ ஊஞ்சல் ஆடிய மரம் பட்டுப்போனது என்றுதான் உன்னிடம் சொன்னேன். பட்டுப்போனதற்குக் காரணம் நான் என்று சொல்லவில்லை. நீ காலேஜில் இருந்தபோது, ஒரு ஏப்ரலில் ஆள் வைத்துக் கிளையைக் கழித்தேன். வெட்டுவாயில் பெயிண்ட் பூசவில்லை. டெக்சாஸில் பிப்ரவரி முதல் ஜூன் வரை, ஓக் வாடல் நோயின் பூஞ்சையைச் சுமந்துகொண்டு சின்ன வண்டுகள் அலைகிற காலம். பச்சை வெட்டில் வடிகிற சாற்றைத் தேடி வந்து உட்காரும். அவ்வளவுதான் வேண்டும். அடுத்த வருடம் ஓர் இலையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இலை பச்சையாகவே இருந்தது, நரம்புகள் மட்டும் மீன்முள் மாதிரி பழுப்பேறியிருந்தன. தீபாவளிக்குள் மரம் மொட்டை. அதற்கடுத்த வருடம் பக்கத்து வீட்டு மரமும் போயிற்று. மண்ணுக்கடியில் இவற்றின் வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், நோய் அந்த வழியாகவே போய்விடும். அவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

புயலில் கிளை முறிந்தால் மட்டும் காத்திருக்காதே. பிசிறில்லாமல் அறுத்து, அந்த நிமிடமே பெயிண்ட் பூசு. வசந்தத்தில் பழைய இலை கொட்டினால் பயப்படாதே, கூடவே தளிர் வரும்.

புல்தரைக்கு உரமும் களைக்கொல்லியும் கலந்து விற்பதை வாங்காதே. ஆஸ்டினில் இருக்கிற ட்ரீட்டி ஓக் என்ற பழைய மரத்தைப் பார்க்கக் கூட்டிப்போனேனே, ஒரு பக்கமே இல்லாமல் நின்றதே! 500 வயது மரம். 1989-இல் ஒருவன் அடியில் களைக்கொல்லியை ஊற்றினான். எவ்வளவோ பாடுபட்டும் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது.

தண்ணீரைத் தூரில் ஊற்றாதே, கிளைகள் முடிகிற வட்டத்தில் விடு. எப்போதாவது விட்டாலும் மண் ஆழமாக நனையவேண்டும். வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே ஓடுவதால் அதன்மேல் காரை நிறுத்தவேண்டாம். தூரைச் சுற்றி மண்ணையோ மரத்தூளையோ குவிக்கவும் வேண்டாம்.

கிரகப்பிரவேசத்துக்கு அந்தக் கிளை உரசிக்கொண்டே இருக்கட்டும். ஜூலையில் பெயிண்ட் டப்பாவோடு நானே வருகிறேன்.

அன்புடன்,
அப்பா