புதிர் விளையாட்டின் கணினிப் பதிப்பில் உள்ள பழுதுகள் குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
கே.கே. நகர், மதுரை – 625 020.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
விளையாட்டு வெளியீட்டு நிறுவனம்.

பொருள்: கணினிப் பதிப்பில் குதித்தல், சேவ், தமிழ் எழுத்து ஆகியவற்றில் உள்ள பழுதுகளைச் சரிசெய்யக் கோருதல், மறுக்கப்பட்ட ரீஃபண்டை வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் இணையதளத்தில் ₹480 செலுத்தி வாங்கிய புதிர்-மேடை விளையாட்டைப் பற்றிய புகார் இது. விளையாட்டை உருவாக்கியவர் தனி ஒருவர். அவர்மீது குறை எதுவும் இல்லை. அவருடைய மொபைல் பதிப்பு சீராக ஓடுகிறது. அதைக் கணினிக்கு மாற்றியது உங்கள் குழு என்று விளையாட்டின் முடிவில் வரும் பெயர்ப் பட்டியலே சொல்கிறது. எனவே, "ஒருவரே செய்த விளையாட்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று உங்கள் சப்போர்ட்டிலிருந்து வந்த பதிலை ஏற்க முடியாது.

முதலில் குதித்தல். மேடையின் ஓரத்தைத் தாண்டிக் கால் காற்றுக்குப் போன பிறகும் சிறிது நேரம் குதிக்க அனுமதிப்பது இந்த வகை விளையாட்டுகளில் வழக்கம். கொயோட்டி டைம் என்பார்கள். ஆடுபவருக்கு இது தெரியவே தெரியாது. கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். நிதானமான விளையாட்டு என்ற பெயரே இந்தச் சலுகையில்தான் நிற்கிறது. உங்கள் பதிப்பில் இந்தச் சலுகை நேரக் கணக்கில் இல்லை, ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரையப்படும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) கணக்கில் இருக்கிறது. திரையைப் பதிவு செய்து ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால், விநாடிக்கு 60 ஃபிரேம் காட்டும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரிலும் 6 ஃபிரேம், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரிலும் அதே 6 ஃபிரேம். முதலாவதில் அது 100 மில்லி விநாடி. இரண்டாவதில் சுமார் 42. நடை வேகமும் விழும் வேகமும் இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதால் பழுது இந்த ஓர் இடத்தில்தான். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பட்டனை அழுத்தினால் அதை நினைவில் வைத்துக் குதிக்கவைக்கும் வசதிக்கும் இதே கதி.

மொபைல் பதிப்பு விநாடிக்கு 60 ஃபிரேமோடு பூட்டப்பட்டிருப்பதால் அங்கே இது வெளியே தெரியவில்லை. நீங்கள் பூட்டை எடுத்தீர்கள், எண்ணை மாற்றவில்லை. கிராஃபிக்ஸ் கார்டின் அமைப்பில் அதிகபட்ச ஃபிரேம் 60 என்று வைத்தால் எல்லாம் உடனே சரியாகிவிடுகிறது. காரணம் இதுதான் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். நிரந்தரத் தீர்வும் பெரிய வேலையில்லை. 6 ஃபிரேம் என்பதை 0.1 விநாடி என்று மாற்றி, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கடந்த நேரத்தைக் கழித்துக்கொண்டே வந்தால் போதும்.

இதைவிட மோசமானது சேவ். மூன்றாம் பகுதியில் இரண்டு மடைகளைத் திறந்து நீரை உயர்த்தி, தெப்பத்தில் ஏறி மேல் கதவை அடையும் புதிர் இருக்கிறது. மேல் கண்மாய் நிரம்பிக் கீழ்க் கண்மாய்க்கு நீர் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் புதிர் மிகவும் பிடிக்கும், அதை உருவாக்கியவருக்கு இதைத் தெரிவியுங்கள். பழுதை நீங்களே இப்படிப் பார்க்கலாம்: இடது மடையைத் திறங்கள். தெப்பத்தில் ஏறி நடு விளக்குத் தூணைத் தொடுங்கள். அங்கே ஆட்டோசேவ் நடக்கும். முகப்புக்கு வெளியேறி, மீண்டும் 'தொடர்க' அழுத்துங்கள். மடை திறந்தபடி இருக்கும், நீர்மட்டம் மட்டும் அடியில் கிடக்கும். மடை திறந்தது என்பதைச் சேவ் செய்கிறீர்கள். நீர் எவ்வளவு உயர்ந்தது என்பதைச் செய்வதில்லை. மடை திறக்கும் அந்த நொடியில்தான் நீர் ஏறத் தொடங்கும் என்பதால், ஏற்கெனவே திறந்த மடை நீரை ஏற்றாது. பின்னால் உள்ள கதவும் மூடிவிட்டது. பகுதியைப் புதிதாகத் தொடங்க மெனுவில் வழியே இல்லை. தோல்வியே கிடையாது என்று விளம்பரப்படுத்தும் விளையாட்டில் ஆடுபவர் நிரந்தரமாக மாட்டிக்கொள்கிறார்.

சேவ் ஃபைல் எழுதப்படும் விதமும் தவறு. பழைய ஃபைலின் மேலேயே நேரடியாக எழுதுகிறீர்கள். எழுதும்போது மின்சாரம் போனால் ஃபைல் 0 கேபி ஆகிவிடுகிறது, அதுவரை ஆடியது அத்தனையும் போச்சு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு முதல் நாளே செய்தித்தாளில் அறிவிப்பு வரும். மழைக்காற்றில் போகும் கரண்டுக்கு யார் அறிவிப்பு கொடுப்பது? புதிய தற்காலிக ஃபைலில் எழுதி, அது வட்டில் முழுமையாக இறங்கியபின் பெயரை மாற்றி, முந்தைய ஃபைலை ஒரு நகலாக வைத்திருங்கள். "சேவ் ஃபைலை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆடுங்கள்" என்ற உங்கள் ஆலோசனை தீர்வாகாது.

தமிழ் எழுத்து. விற்பனைப் பக்கத்தில் 'தமிழ் ஆதரவு' என்று போட்டிருக்கிறீர்கள். 'கேணி' என்று வரவேண்டிய இடத்தில் இரட்டைக்கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. யூனிகோடில் சேமித்த வரிசையிலேயே எழுத்துகளை வரைவதால் வரும் பிழை இது. ஹார்ஃபஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு மென்பொருள் நூலகம் கொம்பை முன்னால் கொண்டுவரும்; விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் கோதோ 4 எஞ்சினில் அது உள்ளேயே இருக்கிறது. சரிசெய்யும்வரை அந்த விளம்பர வரியை எடுத்துவிடுங்கள்.

ரீஃபண்ட் கேட்டதற்கு, 2 மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டதாகச் சொல்லி மறுத்திருக்கிறீர்கள். மடைப் புதிர் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. அவசரமில்லாமல் ஆடுங்கள் என்று நீங்கள் சொன்னபடி ஆடினால் அங்கே போய்ச் சேரவே அந்த நேரம் தாண்டிவிடும்.

நான் கேட்பவை: மேலே சொன்ன பழுதுகளுக்கான பேட்ச் (திருத்தம்) எப்போது வரும் என்பதற்கு எழுத்து மூலமான தேதி, மாட்டிக்கொண்ட சேவ் ஃபைல்களை அந்தப் பேட்ச் தானாகவே மீட்க வேண்டும், தேதி தர இயலாது என்றால் ₹480 முழுவதும். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020 டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும். அதன்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், தேவைப்பட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம்; இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், 60 மற்றும் 144 ஹெர்ட்ஸ் திரைப்பதிவுகள், மாட்டிக்கொண்ட நிலையில் உள்ள சேவ் ஃபைல்.