பயற்றம் உருண்டை ஏன் உதிர்கிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எமது பயற்றம் உருண்டைகள் பெட்டியைத் திறக்கும்போதே உதிர்ந்து கிடப்பதாகக் கடந்த சில வாரங்களில் உங்களிற் பலர் நேரிலும் தொலைபேசியிலும் அறிவித்திருந்தீர்கள். கைப்பக்குவம் மாறிவிட்டதா, பாகைக் குறைத்துவிட்டோமா என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. ஆயினும் தவறின் ஒரு பங்கு எம்முடையது என்பதால் இதனை விளக்கமாக எழுதுகிறோம்.

கோதுமை மாவைப் பிசையும்போது இழுபட்டு ஒட்டும் பசையம் பயற்றம் மாவிலும் அரிசி மாவிலும் கிடையாது. வறுத்துத் திரித்த பயறு, வறுத்த தேங்காய்ப்பூ, மிளகு, சீரகம், ஏலக்காய் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது பாகு ஒன்றுதான். அந்தப் பாகைக் கம்பிப் பதத்தில் இறக்கி, மாவிற் கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டி முடிக்க வேண்டும். பதம் முந்தினால் உருண்டை இளகிச் சரியும். பிந்தினால் சீனி மணல்போல் பூத்து, விரல் பட்டதும் பொலபொலவென்று கொட்டும். ஒவ்வொரு தாச்சியிலும் கடைசியாக ஆறிப்போகும் இரண்டு பிடி மா எப்போதும் இப்படித்தான் ஆகும். அதை நாங்கள் விற்பதில்லை. எங்கள் மாலைத் தேநீருக்கு அதுவே துணை.

இப்போது வந்த முறைப்பாட்டுக்குக் காரணம் பாகு அன்று, காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடேறிக் கச்சானாக எமது பக்கம் இறங்குகிறது. (கச்சான் என்றதும் கோவில் வாசலில் சுருளில் வாங்கும் கடலையை நினைக்க வேண்டாம்.) அக்காற்று பட்டால் உருண்டையின் மேற்புறம் ஈரத்தை இழந்து சுருங்க, உட்புறம் அப்படியே இருக்க, இரண்டுக்கும் இடையே வெடிப்பு விழுகிறது. மாரியில் இதற்கு நேர்மாறாக முறுக்குத்தான் நமுத்துப்போகும்.

இதை அறிந்திருந்தும், மூடி இறுகிய பேணிகளை விடுத்து, பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று மெல்லிய காகித அட்டைப் பெட்டிகளுக்கு மாறினோம். அதுவே எமது பிழை. அந்தப் பெட்டிகள் கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போன இரவு பஸ்ஸின் குலுக்கலையும் தாங்கவில்லை.

ஆகவே பழைய பேணிகளுக்கே திரும்பியுள்ளோம். ஒவ்வொரு உருண்டையும் எண்ணெய்த்தாளிற் சுற்றப்பட்டு, இடைவெளியின்றி அடுக்கப்படும், விலையில் மாற்றமில்லை. அட்டைப் பெட்டியில் வாங்கி உதிரக் கண்டவர்கள் பெட்டியைக் கொண்டுவந்தாற் போதும், பற்றுச்சீட்டு இல்லாவிடினும் மாற்றித் தருவோம். வெளியூரில் உள்ளவர்கள் ஒரு படம் எடுத்து அனுப்பினால், அடுத்த பொதியோடு சேர்த்து அனுப்புவோம்.

சிறிதளவு கோதுமை மா கலந்தால் உடையாதே என்று அன்போடு சொன்னவர்களுக்கு: உண்மைதான், உடையாது, ஆனால் வாயிலிட்டதும் கரையவும் கரையாது. அதற்கு நாங்கள் உடன்படமாட்டோம்.

வீட்டில் பேணியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். வெளியே எடுத்ததும் குளிர்ந்த உருண்டையின்மேல் ஈரம் படிந்து பிசுபிசுக்கும். ஈரக்கையால் எடுப்பதையும் தவிருங்கள். அடியில் தேங்கும் தூளை எறிந்துவிடாமல், சூடான பாலில் இரண்டு கரண்டி கலந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்; கதலி வாழைப்பழத்தோடு பிசைந்தும் உண்ணலாம்.

நன்றியுடன்,
உரிமையாளரும் பணியாளர்களும்,
திருகோணமலை