நாய் உணவுக்கும் அளவுக் கணக்கு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய மூட்டையைப் பிரித்து, வெறும் பாலித்தீன் கவரில் கிலோ கணக்கில் கட்டித் தரும் நாய் உணவு இப்போது சிறு நகரங்களிலும் விற்பனையாகிறது. பையாக வாங்குவதைவிட விலை குறைவு என்பதால் பலரும் இதை வாங்குகிறார்கள். ஆனால் தயாரித்த தேதி, காலாவதி, தொகுதி எண், புரத அளவு, எந்த வயது நாய்க்கு உரியது என்ற விவரம் எல்லாம் மூட்டையோடு கடையிலேயே தங்கிவிடுகின்றன. உலர் உணவுத் துண்டுகளின் மேல் சுவைக்காகக் கொழுப்பு தெளித்திருப்பார்கள். திறந்து வைத்தால் காற்றும் வெக்கையும் பட்டு அது காறிப்போகும், ஏ, இ வைட்டமின்கள் அழியும். ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். மக்காச்சோளம் சேர்ந்த உணவில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நாயின் கல்லீரலை நேராகத் தாக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே சில்லறை கவரிலும் இந்த விவரங்களையும் மூட்டை பிரித்த தேதியையும் எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

பையாக வாங்குகிறவர்கள் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். முதலில் தேட வேண்டியது ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்ற வாசகம். அதை மட்டுமே சாப்பிட்டாலும் நாய்க்குத் தேவையான சத்தெல்லாம் கிடைக்கும் என்பது அதன் பொருள். கிரேவி பவுச்சுகள் பலவற்றில் ‘காம்ப்ளிமென்டரி’ என்றிருக்கும். அவை தொட்டுக்கொள்ள மட்டுமே, முழுச் சாப்பாடாகாது. அடுத்தது வயது. விலங்கு உணவுக்கான சத்து அளவுகளை வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பின் கணக்குப்படி, ஈரப்பதத்தைக் கழித்த எடையில் குட்டிக்குக் குறைந்தது 22.5 சதவீதமும் வளர்ந்த நாய்க்கு 18 சதவீதமும் புரதம் இருக்க வேண்டும். ஈரப்பதத்தைக் கழிக்காமல் ஒப்பிட்டால் ஏமாந்து போவோம். 80 சதவீதம் ஈரமுள்ள பவுச்சில் புரதம் 8 சதவீதம் என்று போட்டிருந்தால், எட்டை, ஈரம் போக மீதமுள்ள இருபதால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 40 சதவீதம் வரும். 10 சதவீதம் ஈரமுள்ள உலர் உணவில் 22 என்றிருந்தால் அது உண்மையில் 24 சதவீதம்தான்.

சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். முதலிடத்தில் பச்சைக் கோழி இறைச்சி என்றிருந்தால் அதில் பெரும்பகுதி தண்ணீர். உலர்ந்த பிறகு அதன் இடம் கீழே இறங்கும். ‘சிக்கன் மீல்’ எனும் கோழித் தூள் ஏற்கெனவே உலர்த்தியது என்பதால் அது முதலில் வருவது குறையில்லை. ‘கிரெயின் ஃப்ரீ’, அதாவது தானியம் சேராதது, என்றால் உயர்ந்தது என்று நினைத்து அதிக விலை கொடுக்கவும் அவசியமில்லை. பட்டாணி, பருப்பு வகைகள் மிகுந்த இத்தகைய உணவுகளுக்கும் இதயத் தசை விரிந்து பலவீனமாகும் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. காரணம் இன்னும் உறுதியாகவில்லை. தானிய ஒவ்வாமை இருப்பதாக மருத்துவர் சொல்லாத நாய்க்கு அரிசியோ சோளமோ கெடுதல் இல்லை.

எவ்வளவு கொடுப்பது? 10 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 630 கிலோ கலோரி போதும். 100 கிராம் உலர் உணவு 350 முதல் 400 கிலோ கலோரி தரும். அதாவது 170 கிராம் அளவில், காலை மாலை இரு வேளையாக. கப்பில் அள்ளினால் கை கூடிவிடும். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். இந்தக் கணக்கில் 5 கிலோ பை ஒரு மாதம் வரும். ஒரே நாய் உள்ள வீட்டில் 20 கிலோ மூட்டை வாங்கினால் பாதிக்கு மேல் காறிய பிறகே தீரும். பையோடு அப்படியே எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். டப்பாவில் கொட்டி வைத்தால் பழைய கொழுப்பு சுவரில் படிந்து புதியதையும் கெடுக்கும்.

இனி வீட்டுச் சாப்பாடு. நம் வீடுகளில் குட்டிக்கு முதலில் கிடைப்பது தயிர்சாதம். நான்கு மாதம் தாண்டிய 5 கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,400 மில்லிகிராம் கால்சியமும் 26 கிராமுக்குக் குறையாத புரதமும் வேண்டும். 250 கிராம் சோறும் 150 கிராம் தயிரும் கலந்தால் கால்சியம் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. புரதம் பாதியை எட்டாது. வயிறு நிறைகிறது, வாலும் ஆடுகிறது, எலும்பு மட்டும் இளைக்கிறது. வெறும் கறி போடுகிறவர்கள் நிலையும் இதுதான். எலும்பில்லாத கோழிக்கறியில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது. இரத்தத்தில் கால்சியம் இறங்காமல் காக்க உடம்பு எலும்பிலிருந்து அதை உருவி எடுக்கும். கால் வளையும், ஒரு சோபாவிலிருந்து குதித்தாலே எலும்பு முறியும்.

இதற்கு நேர் எதிரான தவறு, நல்ல குட்டி உணவு போட்டுக்கொண்டே கால்சியம் டானிக்கும் ஊற்றுவது. ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வீலர், கிரேட் டேன் குட்டிகளுக்கு, ‘காது நிமிரணும், கால் பருக்கணும்’ என்று இதைப் பரிந்துரைக்காத கடை குறைவு. ஆறு மாதம் ஆகாத குட்டியின் குடலுக்கு மிகுதியான கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் திறன் இல்லை. உள்ளே போவதில் பெரும்பகுதி உடம்பில் சேர்ந்து, குருத்தெலும்பு எலும்பாக மாறும் ஒழுங்கைக் கெடுக்கும். மூட்டு வலி, நொண்டல், கோணல் எல்லாம் அதன் விளைவு. பெரிய இனக் குட்டிகளின் உணவில் உலர் எடைக்குக் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பையில் 1.2 முதல் 1.8 வரை என்றிருந்தால் டானிக்கைத் தொடவே வேண்டாம்.

வீட்டிலேயே சமைப்பதென்றால் 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாள் அளவு சொல்கிறேன்: எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி 180 கிராம், கோழி ஈரல் 15 கிராம், சோறு 170 கிராம், பூசணி அல்லது கேரட் 80 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன். இதோடு, கழுவி வறுத்து மாவாக அரைத்த முட்டை ஓடு அரை டீஸ்பூன். நறநறவென்று இருந்தால் மறுபடி அரைத்துச் சலிக்க வேண்டும். கறிக்குப் பதிலாக வாரம் இரண்டு நாள் மத்தி மீன் போடலாம். குக்கரில் முள் மசியும்வரை வேகவிட்டால் அந்த முள்ளே கால்சியம் தரும். அன்று ஓட்டுப்பொடி வேண்டாம். மத்தியைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது, அதிலுள்ள ஒரு நொதி பி1 வைட்டமினைச் சிதைக்கும். கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆனால் அதிலுள்ள பைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைக் கட்டிவைத்துக்கொள்வதால், கூழை நம்பி முட்டை ஓட்டை நிறுத்த வேண்டாம்.

இவ்வளவு செய்தாலும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, இ குறையும். வெயிலில் விட்டால் டி கிடைத்துவிடும் என்பது நாய்க்குப் பொருந்தாது; அதன் தோல் போதிய அளவு உண்டாக்குவதில்லை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டபோது, 95 சதவீதக் குறிப்புகளில் ஏதேனும் ஓர் அத்தியாவசியச் சத்து குறைவாக இருந்தது. ஆகவே நாய்க்கென்றே உள்ள வைட்டமின், தாதுக் கலவையை எடைக்கேற்ற அளவில் மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

மிச்சச் சாப்பாட்டில் அஞ்ச வேண்டியது வெங்காயமும் பூண்டும். சாம்பார், குருமா, பிரியாணி எதிலும் அவை இல்லாமல் இராது. வெந்தாலும் நச்சுத்தன்மை போகாது. சிவப்பணுக்கள் உடைவது சில நாள் கழித்தே தெரியும்: ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறமாகும். பாயசத்துத் திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய், வெந்த எலும்பு ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

நாய் கொழுகொழுவென்று இருப்பதைப் பெருமையாக எண்ணுவது அதன் ஆயுளைக் குறைக்கும். 48 லாப்ரடார்களை வைத்து நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், 25 சதவீதம் குறைவாக உண்டவை சராசரியாக 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. லேசாகத் தடவினால் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்குக் கடைசி விலாக்கள் கண்ணுக்கே தெரிவது இயல்பு. அதைக் கண்டு பதறி நெய்ச்சோறு ஊட்டாதீர்கள்.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும் மாவட்டக் கால்நடை மருத்துவமனைகளும் ஒரு வேலை செய்யலாம். நம் சந்தையில் கிடைக்கும் அரிசி, கேழ்வரகு, கம்பு, மத்தி, முட்டை, ஈரல் ஆகியவற்றை வைத்து 5, 10, 20, 30 கிலோ நாய்களுக்கும் குட்டிகளுக்கும் தனித்தனியே கிராம் அளவில் ஒரு பட்டியல் தயாரித்து, தடுப்பூசி போட வருகிறவர்கள் கையில் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கால்நடை மருத்துவர்,
திருநெல்வேலி.