முழங்கால் வலியும் தோடி ராகமும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருச்சியிலேயே வேலை அமைந்ததில் எங்களுக்கும் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம்.

தங்கச்சி முழங்கால் வலிக்கு ஒரே ஒரு முறைதான் போனில் தேடினாள், அதிலிருந்து சமையல் குறிப்பைத் திறந்தாலும் மூட்டுவலித் தைலமும் முழங்கால் பட்டையும் வந்து நிற்கின்றன என்று எழுதியிருந்தாய். எல்லாவற்றையும் மூடிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

இது நடக்கிற விதத்தைச் சொல்கிறேன். நாம் படிக்கிற பக்கத்தோடு விளம்பரக் கம்பெனியின் நிரலும் சேர்ந்து இறங்குகிறது. அது நம் போனில் குக்கீ என்ற சின்ன அடையாளத்தைப் போட்டு வைக்கும். சமையல் தளத்திலும் அதே கம்பெனி இருந்தால் 'அதே ஆள்தான்' என்று கண்டுகொள்ளும். 1994-ல் நெட்ஸ்கேப் என்ற உலாவிக் கம்பெனியில் லூ மோன்டுல்லி குக்கீயை உருவாக்கியபோது, ஒரு கடை நம் கூடையில் இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளத்தான் அது தேவைப்பட்டது. அந்த வேலைக்கு அது நல்ல ஏற்பாடு. ஒரு கடையில் சொன்னது ஊர் முழுக்கப் போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பரிந்துரையே கெட்டது என்று சொல்ல எனக்கு மனசு வராது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டு முடித்தால், யூடியூப் காருக்குறிச்சி அருணாசலத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பெயர்கூடக் கேள்விப்படாத எத்தனையோ நாகஸ்வரக்காரர்களை எனக்கு அது காட்டியிருக்கிறது. பார்த்தவற்றின் வரலாற்றை அணைத்துப் பார்த்தேன், முகப்பு வெறிச்சோடிவிட்டது. திரும்பப் போட்டுக்கொண்டு, 3 மாதத்துக்கு மேற்பட்டதெல்லாம் தானாக அழியும்படி வைத்துவிட்டேன். என் சங்கீத ருசி அவர்களுக்குத் தெரிந்தால் தெரியட்டும், நானே மனசாரக் கொடுத்தது. தங்கச்சியின் வலி அப்படியா? அக்கம்பக்கத்தில்கூட அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

தனி உரிமை அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் வர 2023 ஆனது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது அது. எனக்கு மிகவும் பிடித்த பிரிவு. குழந்தைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதற்கும் தடை உண்டு. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து இன்னும் 18 மாத அவகாசம். இவ்வளவு தாமதம் நியாயமே இல்லை. இன்றும் பல தளங்களில் 'ஏற்கிறேன்' என்பது கண்ணைப் பறிக்கும் பொத்தான், மறுப்பதற்கோ நாலு பக்கம் உள்ளே போக வேண்டும்.

சரி, நீ செய்ய வேண்டியது இதுதான். பயர்பாக்ஸ், சபாரி என்ற உலாவிகள் இந்தப் பின்தொடரும் குக்கீகளைத் தாமாகவே தடுக்கின்றன. குரோம் 2020-ல் 'இரண்டு வருஷத்தில் எடுத்துவிடுவோம்' என்றது, பிறகு பின்வாங்கிவிட்டது. அதனால் அமைப்புகளில் போய் மூன்றாம் தரப்புக் குக்கீகளை, அதாவது நாம் திறந்த தளம் அல்லாமல் வேறு கம்பெனி போடுகிறவற்றை, நீயே தடுத்துவிடு. உடம்பு சம்பந்தமாக எதைத் தேடினாலும் கூகுள் கணக்கில் நுழையாமல் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) தேடச் சொல். மூடியதும் அந்தக் குக்கீகள் போய்விடும். ஆனால் நீங்கள் போன தளத்திடமிருந்தும் நெட் கம்பெனியிடமிருந்தும் அது மறைக்காது, அதையும் தெரிந்துகொள்.

அப்புறம், பொங்கலுக்கு வரும்போது இருவருடைய போனையும் கொண்டு வா. எந்த ஆப்புக்கு இருப்பிடமும் மைக்கும் கொடுத்திருக்கிறீர்கள் என்று உட்கார்ந்து பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
மாணிக்கம்