மூன்று சுழி ண-வை விரலால் எண்ண வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மொரிஷியஸ் தீவில் க்யூர்பீப் ஊரிலிருந்து எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். உங்கள் பத்திரிகையை இணையத்தில்தான் படிக்கிறேன். சிறுவர் பக்கத்தில் புள்ளி புள்ளியாக எழுத்துப் பயிற்சி போடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் ஒரு வேண்டுகோள். எல்லா எழுத்தையும் ஒரே கட்டத்துக்குள் நகம் அளவுக்கு அடைக்காமல், வாரம் ஓர் எழுத்து, உள்ளங்கை அளவுக்கு, தடித்த கோட்டில் போடுங்கள். அதை நாங்கள் அச்சடித்து மரத்தில் ஒட்டி வெட்டிக்கொள்வோம். ஏன் என்று சொல்கிறேன், கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு ஸ்க்ரோல் சா இருக்கிறது. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: தையல் மெஷின் போலத்தான் இருக்கும், ஊசி இருக்கும் இடத்தில் ஐந்து அங்குல நீளத்தில் நூல் போல மெல்லிய ரம்ப பிளேடு. அது மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும், நாம் பலகையை இரண்டு கையாலும் பிடித்து வளைத்து வளைத்துத் தள்ள வேண்டும். எப்படிப்பட்ட வளைவும் வெட்டலாம். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர், கப்பல் மாடல் செய்யும் பட்டறையில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். எங்கள் ஊர் அந்தக் கப்பல் மாடல்களுக்குப் பேர் போனது. நான் பலகையை அவசரமாகத் தள்ளும்போதெல்லாம் "தூஸ்மான், தூஸ்மான்" என்பார். கிரியோலில் மெல்ல, மெல்ல என்று அர்த்தம். தள்ளினால் பிளேடு வளையும், வளைந்தால் அறுந்துபோகும். முதல் மாதத்தில் நான் ஒடித்த பிளேடுகளுக்குக் கணக்கே இல்லை.

நான் முதலில் வெட்டியது எழுத்து இல்லை. இங்கே பழைய மர வீடுகளின் கூரை ஓரத்தில் பூவேலை செய்த பலகை தொங்கும், லாம்ப்ரெக்கேன் என்பார்கள். 1960-இல் கரோல் புயல் அடித்தபோது எங்கள் வீட்டுக் கூரை போய்விட்டது, அப்பா அந்தப் பலகையில் ஒரு முழ நீளத் துண்டை மட்டும் எடுத்து வைத்திருந்தார். புயலுக்குப் பிறகு ஊரெல்லாம் சிமெண்ட் வீடாக மாறியதால் அதைத் தொங்கவிட இடமும் இல்லை. அந்தத் துண்டைப் பார்த்து இன்னொன்று வெட்டிப் பார்த்தேன், வந்தது. அப்புறம்தான் எழுத்து ஞாபகம் வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த கற்பூர மரத் துண்டுகளில் ட, ப என்று சுலபமானவற்றை ஆரம்பித்தேன். கற்பூர மரத்தை அறுத்தால் ஷெட் முழுக்க ஆரத்தி எடுத்த கோவில் மாதிரி மணக்கும். ஆனால் ட-வின் நின்ற கோடு பேத்தி கையில் எடுத்ததுமே மளுக்கென்று ஒடிந்துவிட்டது. மரத்தின் நார் படுக்கைவாட்டில் ஓடினால் படுத்த கோடு பலமாக இருக்கும், நின்ற கோட்டுக்குப் பலமே இருக்காது. தமிழ் எழுத்தில் இரண்டும் உண்டு, வளைவும் உண்டு. அதனால் ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு மாறினேன். அதில் ஒரு படலம் நெடுக்கே, ஒரு படலம் குறுக்கே என்று ஒட்டியிருப்பதால் எந்தப் பக்கமும் ஒடிவதில்லை. இங்கே மழை ஈரம் அதிகம், பிளைவுட்டைத் தரையில் சாத்தி வைத்தால் உப்பிவிடும், உயரத்தில் படுக்கவைக்க வேண்டும்.

ப-வுக்கு வெளிக்கோடு வெட்டினால் போதும். ம-வுக்கு அப்படி இல்லை, உள்ளே ஒரு மூடிய இடம் இருக்கிறது. அங்கே டிரில்லால் சின்னத் துளை போட்டு, பிளேடின் மேல் முனையைக் கழற்றி, அந்தத் துளைக்குள் கோர்த்து, திரும்ப மாட்டி முறுக்கி, உள்ளே வெட்டி, மறுபடி கழற்ற வேண்டும். முறுக்கு சரியா என்று விரலால் சுண்டிப் பார்த்தால் தெரியும், வீணைத் தந்தி போல டிங் என்று வர வேண்டும், டப் என்றால் தொளதொளப்பு. எழுத்தின் சுழியைப் பற்றி முப்பது வருடம் கரும்பலகையில் பேசியவன் நான், ஆனால் ஒரு சுழி எங்கே ஆரம்பித்து எங்கே மூடுகிறது என்று என் கைக்குத் தெரிந்தது இந்தத் துளை போட ஆரம்பித்த பிறகுதான்.

இங்கே பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். ண, ன என்று இரண்டு இருப்பதே அவர்கள் காதுக்குப் புரியாது. ல, ள, ழ பற்றிக் கேட்கவே வேண்டாம். நாங்களும் "மூன்று சுழி ண, இரண்டு சுழி ன" என்று பாட்டாகச் சொல்லிக்கொடுப்போம், பிள்ளைகளும் பாடிவிட்டு மாற்றி எழுதுவார்கள். ஒருநாள் ஆறு வயதுப் பேத்தியிடம் பத்து சென்டிமீட்டர் உயர மரத்துண்டு இரண்டையும் கொடுத்து, கண்ணை மூடிக்கொள் என்றேன். விரலை ஓரமாக ஓட்டிக்கொண்டே போனாள், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, "தாத்தா, இது பெரிய ண" என்றாள். அன்றிலிருந்து அவள் மாற்றி எழுதவில்லை. ஒரு பிள்ளையை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று எனக்கும் தெரியும், ஆனால் நான் கண்ணால் பார்த்தது இது.

இன்னொன்று புள்ளி. நான் புள்ளியைத் தனி வட்டமாக வெட்டிவைத்தேன். க-வுக்கு மேலே வைத்தால் க், எடுத்தால் க. மெய்யும் அகரமும் சேருவதைப் பிள்ளை தன் கையாலேயே செய்கிறது, இலக்கணம் சொல்ல வேண்டியதே இல்லை. கொம்பும் காலும் அப்படித்தான். முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் க வைத்தால் கொ. கௌ வேண்டுமா, காலை எடுத்துவிட்டு ள-வை வைத்தால் ஆயிற்று. 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததும் இதற்கு உதவி. நான் படித்த காலத்தில் ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போட்டு ஒட்டியிருக்கும், இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே ஐகாரக் கொம்பு. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் மட்டும் ஒட்டிப் பிறந்தவை, அவற்றை முழுதாகத்தான் வெட்ட வேண்டும், அது 72. உயிர் 12, அகர வரிசை 18, ஆய்தம் 1 (மூன்று வட்டத்தையும் ஒரு சின்னப் பலகையில் ஒட்டிவிட்டேன்), கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு என்று 4, புள்ளி 1. கூட்டிப் பாருங்கள், 108 துண்டு. 247 எழுத்தில் ளௌ ஒன்றைத் தவிர (அதற்கு ள இரண்டு வேண்டும்) மற்ற எல்லாம் அதற்குள் வந்துவிடும், ஒவ்வொன்றாக அமைத்துப் பார்க்கலாம். சொற்கள் அமைக்க இன்னும் சில பிரதிகள் தேவை. அதற்கு மூன்று மெல்லிய பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக டேப் சுற்றிக் கட்டி வெட்டினால் ஒரே வெட்டில் மூன்று கிடைக்கும். மேலே ஒட்டும் டேப்பினால் இன்னொரு நன்மை, மரம் கருகுவது குறையும்.

வெட்ட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வட்ட ரம்பம் போல இது பலகையைத் தூக்கி எறியாது, ஆனால் விரலை வெட்டும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம் தூள். பிளேடு கோட்டை மறைக்காமல் இருக்க மெஷினிலேயே ஒரு சின்னக் குழாய் காற்றை ஊதித் தூளைத் தள்ளும், அந்தத் தூள் நேரே நம் மூக்குக்குத்தான் வரும். வாசனையாக இருக்கிறதே என்று நான் பல மாதம் மாஸ்க் இல்லாமல் வேலை செய்து இருமலில் மாட்டிக்கொண்டேன். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே சொல்லிவிட்டது. ஆகவே மாஸ்க், கதவு திறந்த ஷெட், வேக்குவம் மூன்றும் வேண்டும். உப்புத்தாள் போடும்போதும் அப்படியே. மேல்பூச்சுக்குத் தேன்மெழுகு போதும், தேங்காயெண்ணெய் தடவினால் நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும். சின்னப் பிள்ளைகள் கையில் புள்ளியை மட்டும் கொடுக்காதீர்கள், வாயில் போட்டுவிடும்.

மனதில் ஒரு வருத்தமும் உண்டு. ஒரு முழு செட்டை வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்றுக்குக் கொடுத்தேன். அழகாக இருக்கிறது என்று பாராட்டிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அடுத்த முறை போனபோதும் பூட்டியேதான் இருந்தது. ஐயா, அழுக்காகட்டும், தொலையட்டும், தொலைந்தால் இன்னொன்று வெட்டித் தருகிறேன். எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, 1998-இல் புது நோட்டில் அதை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று நாங்கள் எல்லோரும் கொதித்தோம், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெறவும் வைத்தோம். அந்த எழுத்தை எங்கள் பிள்ளைகள் வாசிக்கவும் வேண்டும், அதற்கு முதலில் அது அவர்கள் கைக்கு வர வேண்டும்.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். கணினியில் இருக்கும் எழுத்துருக்களில் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வருகிறது, மெலிந்த இடத்தில் மரம் ஒடியும். உங்கள் ஓவியர் கையால் வரைந்தால் நல்லது. எழுத்து பத்து சென்டிமீட்டர் உயரம், கோடு எங்கும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத அகலம், கூர்மையான உள்மூலை வேண்டாம், புள்ளி தனியாக. அகர வரிசைப்படி அ-வில் தொடங்க வேண்டாம், அ, இ இரண்டுமே வெட்டக் கஷ்டம், புதிதாகப் பழகுபவர் மனம் விட்டுவிடுவார். முதல் வாரம் ட, இரண்டாம் வாரம் ப, மூன்றாம் வாரம் ம. முதல் துளையை அந்த ம-வில் போடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
க்யூர்பீப், மொரிஷியஸ்