பதினெட்டு ஆண்டுகள் கழித்து வந்த நான்காம் நூல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இலக்கியப் பக்கத்தில் வெளியான மிகுபுனைவு (ஃபேண்டஸி) நாவல் தொடர்கள் பற்றிய கட்டுரையில், அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' வரிசையின் நான்காம் நூலான 'டெஹானு', முந்தைய மூன்று நூல்களின் பெருமையைக் கெடுத்துவிட்டது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. ஒரு காலத்தில் இதே கருத்தைக் கொண்டிருந்து, பின்னர் அதைக் கைவிட்டவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1968-இல் தொடங்கி 1972-இல் நிறைவடைந்த மூன்று நூல்களைப் படித்து முடித்தவருக்கு, 1990-இல் வந்த நான்காவது ஏமாற்றம் தருவது இயல்பே. மூன்றாம் நூலின் இறுதியில், வாழ்வோர் உலகுக்கும் மாண்டோர் உலகுக்கும் இடையே திறந்துகிடந்த வாயிலை அடைப்பதற்காகத் தன் மந்திர ஆற்றல் முழுவதையும் செலவிட்டுவிட்ட தலைமை மந்திரவாதி கெட், கலெஸின் என்னும் டிராகனின் முதுகில் ஏறித் தன் சொந்தத் தீவான கோண்டை நோக்கிப் பறந்துவிடுகிறான். காவியத்துக்கு உரிய முடிவு அது. டிராகன் அவனை இறக்கிவிட்டுச் சென்ற பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் 'டெஹானு'வின் கதை. குற்றுயிராக வந்து சேர்ந்தவன் தேறி எழுகிறான்; புதிய அரசனின் ஆட்கள் தேடி வரும்போது அவர்கள் முகத்தில் விழிக்க வெட்கி ஓடி ஒளிகிறான்; மலையில் ஆடு மேய்க்கிறான். முதல் முறை படித்தபோது இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடினேன். பணி ஓய்வு பெற்று, காலையில் எழுந்தால் போவதற்கு ஓர் இடமில்லாத நிலை எனக்கே வந்த பிறகு மீண்டும் எடுத்தபோது, மூடிய அதே பக்கங்களை இரண்டு முறை படித்தேன்.

கட்டுரையாளர் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. முதல் நூலில், சிறுவன் கெட் கற்கும் முதல் மந்திரம், அவனுடைய தாயின் சகோதரியான ஊர்ச் சூனியக்காரி ஆடுகளை நோக்கிச் சொல்வதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டது. ஆடுகளை அழைக்கும் சொல்லில் தொடங்கியவனை ஆசிரியர் மறுபடியும் ஆடுகளிடமே கொண்டுவந்து விட்டிருக்கிறார். அதே முதல் நூலில், பெண்களின் மந்திரம் வலுவற்றது, பொல்லாதது என்று கோண்ட் மக்கள் வழங்கும் பழமொழிகளும் வருகின்றன. ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடமே இல்லை. அன்று யாரும் கேள்வி கேட்காமல் கடந்துபோன அந்தப் பழமொழிகளை, எழுதியவரே 'டெஹானு'வில் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்க்கிறார். ஆகவே, பிற்காலப் பெண்ணியக் கொள்கை ஒன்றை ஆசிரியர் பழைய கதையின்மேல் ஒட்டவைத்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு எனக்கு ஏற்புடையதாக இல்லை.

'டெஹானு'வின் நாயகி டெனார். இரண்டாம் நூலில், ஐந்து வயதில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அட்டுவான் கல்லறைகளின் தலைமைப் பூசாரியாக்கப்பட்ட அதே சிறுமி, இங்கே ஒரு விவசாயியின் நடுத்தர வயது விதவை. சொந்தத் தந்தையும் அவன் கூட்டாளிகளும் சிதைத்துத் தீயில் தள்ளிய தெர்ரு என்ற குழந்தையை அவள் எடுத்து வளர்க்கிறாள். ஒரு கண்ணும் ஒரு கையும் பாழான அக்குழந்தையைப் பார்க்கவே ஊரார் அஞ்சுகிறார்கள். இன்னொரு பக்கம், அடுத்த தலைமை மந்திரவாதி யார் என்ற கேள்விக்கு ரோக் ஆசான்களுக்குக் கிடைக்கும் விடை 'கோண்டில் ஒரு பெண்' என்பது மட்டுமே. அந்தப் பெண் யாரோ ஓர் ஆணிடம் தங்களை அழைத்துச் செல்வதற்கான வழிகாட்டி என்றுதான் அந்த அறிஞர்களுக்குத் தோன்றுகிறதே ஒழிய, விடையே அவளாக இருக்கலாம் என்பது எட்டவில்லை. இதைவிடக் கூர்மையான பகடியை இவ்வரிசையின் வேறெந்த நூலிலும் நான் கண்டதில்லை.

சாகசம் இல்லை என்ற குறையும் முழு உண்மையன்று. வீட்டுக்குள் நுழைய முயலும் கயவர்களில் ஒருவனைக் கெட், மந்திரம் ஏதுமின்றி, வைக்கோல் அள்ளும் கவைக்கோலால் குத்தி வீழ்த்தும் இரவு, மூன்றாம் நூலின் மாண்டோர் உலகப் பயணத்துக்குச் சற்றும் குறையாத அச்சத்தைத் தருகிறது. பின்னர், கடலிலிருந்து திரும்பும் டெனாரின் மகன், சாப்பிட்ட தட்டைக் கழுவுவது பெண்கள் வேலை என்று ஒதுங்குகிறான். அந்தச் சிறிய காட்சியில் ஒரு தாய் அடையும் ஏமாற்றத்தை விளக்க ஆசிரியர் அதிகச் சொற்களைச் செலவிடவில்லை.

நூல் குறையற்றது என்று நான் வாதிட வரவில்லை. 'எர்த்ஸீயின் கடைசி நூல்' என்ற துணைத்தலைப்போடு வந்ததற்குப் பிறகும் 2001-இல் மேலும் இரண்டு நூல்கள் வந்தன என்பதைச் சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் ரே அல்பி ஊரின் தீய மந்திரவாதி ஆஸ்பென், வெறுப்பைத் தவிர வேறெதுவும் இல்லாத வெறும் அட்டை உருவம். அத்தனை நிதானமாக நகர்ந்த கதை, தெர்ரு டிராகனை அழைத்ததும் சில பக்கங்களில் எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிட்டு ஓடிவிடுகிறது. கட்டுரையாளர் இந்த அவசரத்தைச் சுட்டியிருந்தால், மறுப்பு எழுத எனக்கு இடமே இருந்திருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கும்பகோணம்.