செயலாளர் ஆண்டறிக்கை: கைக்குக் கை போன புத்தகங்கள்

நம் பினாங்கு வாசகர் வட்டத்தின் தலைவர் அவர்களுக்கும், செயலவை உறுப்பினர்களுக்கும், பிறையிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெர்ரி பிடித்து வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

முதலில் வழக்கமான விவரங்கள். இந்த ஆண்டு 11 சந்திப்புகள் நடந்தன. தீபாவளி மாதத்தில் மட்டும் கூடவில்லை. புதிதாக ஆறு பேர் சேர்ந்தார்கள். வேலை மாற்றலாகிக் கோலாலம்பூர் போன இருவர் விலகினாலும் புலன (வாட்ஸ்அப்) குழுவில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயலவைத் தேர்தல் அடுத்த ஆண்டுதான்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, சந்திப்பு நடத்தும் முறையை நாம் மாற்றியதைப் பற்றி. சென்ற ஆண்டு வரை மாதம் ஒரு நூலை எடுத்து ஒருவர் உரையாற்றுவார், மற்றவர்கள் கேட்போம். உரைகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால், கேட்டவர்களில் அந்த நூலைத் தேடிப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முழுக் கதையும் கேட்டாகிவிட்டது, அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. நூலும் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. சென்னையிலிருந்து தருவித்தால் அனுப்பும் செலவு சில நேரம் புத்தக விலையையே தொட்டுவிடும்.

சரி, உரையை நிறுத்திப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். அண்மையில் படித்து மகிழ்ந்த ஒரு புத்தகத்தை ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து எடுத்து வர வேண்டும். ஐந்து நிமிடம் பேசலாம். கதைச் சுருக்கம் கூடாது. எந்த இடத்தில் மனம் நின்றது, எதற்காகத் தூக்கம் கெட்டது என்று சொன்னால் போதும். பேசி முடித்ததும் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. நம்மில் ஒருவர் பெயரைச் சொல்லி, ஏன் அவருக்கு என்றும் சொல்லி, அவர் கையில் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விதிதான் எல்லாவற்றையும் மாற்றியது. எதிரில் இருப்பவர் எப்படிப்பட்டவர், இப்போது அவர் வாழ்க்கையில் என்ன நடக்கிறது என்று யோசிக்காமல் புத்தகம் கொடுக்க முடியாது.

மார்ச் மாதச் சந்திப்பில் லோரி ஓட்டும் நம் உறுப்பினர் ஒருவர், ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவலை நம்மில் மூத்தவரான பாட்டியிடம் கொடுத்தார். 1942, 43-இல் ஜப்பானியர் ஆட்சியில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டருக்குப் போட்ட அந்தத் தண்டவாளத்துக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனது இங்குள்ள பல குடும்பங்களுக்குத் தெரியும். பாட்டியின் அப்பாவும் அப்படிப் போனவர், திரும்பி வராதவர். அப்போது பாட்டிக்கு நாலு வயது. புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “எனக்குக் கண்ணு தெரியலையே ஐயா” என்றார். அன்று நமக்கெல்லாம் சங்கடமாகப் போய்விட்டது.

நான்காம் படிவம் படிக்கும் பேத்தி அதை வீட்டில் வாசித்துக் காட்டத் தொடங்கினாள். தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு அவள் தமிழ்ப் புத்தகம் எதையும் தொட்டதில்லையாம். இரவில் இரண்டு பக்கம், எழுத்துக் கூட்டித்தான். லயம், பிரட்டு, தண்டல், கங்காணி என்று தோட்டத்துச் சொல் எது வந்தாலும் அவள் நிறுத்திக் கேட்பாள், பாட்டி விளக்குவார். விளக்கப் போய் அது தன் அம்மாவின் கதையாகிவிடும். அன்றைக்குப் பக்கம் நகராது. நாவலை முடிக்க நான்கு மாதம் ஆயிற்று. ஜூலைச் சந்திப்புக்குப் பேத்தியே வந்து ஐந்து நிமிடம் பேசினாள். கொள்ளுத் தாத்தா என்று ஒருவர் இருந்ததே நாவலின் ஐந்தாவது பக்கத்துக்கு அப்புறம்தான் தனக்குத் தெரியும் என்றாள். பிறகு அந்தப் புத்தகத்தை எங்களில் யாருக்கும் தராமல், தன் வகுப்புத் தோழி ஒருத்தியை அழைத்து வந்திருந்தாள், அவள் கையில் கொடுத்தாள். இன்னும் அது எங்களிடம் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று நான் கேட்கப் போவதும் இல்லை.

நான் செய்த ஒரு தவற்றையும் இங்கே சொல்ல வேண்டும். இதே பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ரெ. கார்த்திகேசுவின் 'அந்திம காலம்' எனக்கு மிகவும் பிடித்த நாவல். புற்றுநோய் கண்ட ஒரு முதியவரின் கதை. அதை மே மாதம் ஓர் அக்காவிடம் கொடுத்தேன். அவர் வீட்டில் அப்போது அதே நோய் இருந்தது எனக்குத் தெரியாது. பத்துப் பக்கத்தோடு மூடிவிட்டு, மறுவாரம் ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். விசாரித்த பிறகுதான் தெரிந்தது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். “புத்தகம் நல்லாத்தான் இருக்கு தம்பி, எனக்கு இது நேரமில்லை” என்றார். அதற்குப் பிறகு, கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது என்று எல்லாரும் பழகிக்கொண்டோம்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வந்தது. நம்மில் பலர் அதை எடுத்துப் பாதியில் விட்டவர்கள். இந்தோனேசியாவின் மேடானிலும் இங்கே பினாங்கிலும் வேலை பார்த்து, 1946-இல் ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் பணியாற்றிய மனிதர் எழுதியது. கதையும் போர்க்கால மேடான், பினாங்கு என்று நம் பக்கமே நடக்கிறது. அப்படியிருந்தும் அதன் மொழி சிலருக்குக் கல்லும் முள்ளுமாக இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நல்ல வழி சொன்னார். சிங்காரத்தின் முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' 1959-இல் வந்தது, சிறியது, நேரான கதை. முதலில் அதைப் படியுங்கள், அதன் நாயகன் செல்லையாவோடு பினாங்குத் தெருக்களில் பழகிவிட்டால், 'புயலிலே ஒரு தோணி'யின் நாயகன் பாண்டியனோடு தோணி ஏறலாம் என்றார். ஏழு பேர் அப்படியே செய்தோம், ஐந்து பேர் இரண்டையும் முடித்தோம். செப்டம்பரில் பசியாறிவிட்டு சூலியா தெருவிலிருந்து பினாங்கு தெரு வழியாகப் படகுத்துறை வரை நடந்தோம். தினமும் கார் நிறுத்த இடம் தேடி அலுத்துக்கொள்ளும் தெருக்கள்தாம். அன்று ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று, செட்டியார் வட்டிக்கடைகளில் வேலை பழகிய பெட்டியடிப் பையன்கள் இங்கேதானே உட்கார்ந்திருப்பார்கள் என்று பேசிக்கொண்டே போனதில், அரை மணி நேர நடைக்கு இரண்டரை மணி நேரம் ஆனது.

ஒரு வருத்தம். நவம்பரில் சென்னையிலிருந்து வந்த 20 புத்தகங்கள் மழையில் ஊறி வந்து சேர்ந்தன. கொண்டுவந்த நிறுவனம் பொறுப்பேற்கவில்லை. நாளிதழ்த் தாளைப் பக்கங்களுக்கு நடுவே வைத்து, மின்விசிறிக்குக் கீழே நான்கு நாள் உலர்த்தியதில் 13 தேறின. அந்த வேலையைச் செய்த மூன்று தங்கைகளுக்கும் என் நன்றி.

இந்த ஆண்டுச் சந்திப்புகளில் கைமாறிய புத்தகங்களில் 9 இன்னும் யாரிடம் இருக்கின்றன என்று தெரியவில்லை. வைத்திருப்பவர்கள் படித்து முடிக்கும்வரை வைத்திருங்கள், பெயரை மட்டும் என்னிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த ஆண்டு சிறுவர்களுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை வாசிப்பு நேரம் தொடங்கச் செயலவை பரிந்துரைக்கிறது. இடம் தர ஓர் உறுப்பினர் முன்வந்திருக்கிறார். அந்தப் பரிந்துரையோடு இந்த அறிக்கையையும் ஏற்றுக்கொள்ளுமாறு கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்